இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவில்

நேர்கோட்டைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். பென்ஷனோடு சேர்ந்து வந்த வியாதி அது.

அரசு மருந்துக் கிடங்கில் வேலை பார்த்தவன் நான். தடுப்பூசி மருந்தை இரண்டு டிகிரிக்குக் குறையாமலும் எட்டு டிகிரிக்கு மிகாமலும் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. குளிர்பெட்டியின் வெப்பநிலையைக் காலையும் மாலையும் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது அடுத்த விதி. இரண்டாவது விதியை எல்லோரும் தவறாமல் கடைப்பிடித்தார்கள். நான் ஆய்வுக்குப் போன இடங்களில் மாதம் முழுவதும் நான்கு, நான்கு, நான்கு என்றே இருக்கும். மின்சாரம் போன நாளும் நான்கு. மோட்டார் எரிந்து, பெட்டியை மெக்கானிக் தூக்கிக்கொண்டு போன நாளும் நான்கு. எல்லாம் ஒரே மையில் ஒரே மூச்சில் எழுதியவை. உண்மையான குளிர்பெட்டி அவ்வளவு ஒழுக்கமாக இருக்காது. கதவைத் திறந்தால் ஏறும், மூடினால் இறங்கும், மத்தியானத்தில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும்.

ஆகவே, போன கோடையில் என் மனைவியின் அண்ணன் தன் செல்போனை என் கண்ணாடிக்கு முன்னால் நீட்டி, "பாருங்க மாப்ள, கோடு நூல் புடிச்சாப்ல போகுது" என்று சொன்னபோது, அவர் எதிர்பார்த்த மரியாதை எனக்கு அந்தக் கோட்டின் மேல் வரவில்லை.

மச்சானுக்குத் திருச்செங்கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு முட்டைக்கோழிப் பண்ணை இருக்கிறது. மகன் போர்வெல் ரிக் லாரியோடு வருடத்தில் பெரும்பகுதி வடமாநிலங்களில் இருப்பவன். பண்ணையைப் பார்ப்பது மருமகள். பி.காம் படித்த பெண். தீவனம், மருந்து, முட்டைக் கணக்கு, ஆள் கூலி எல்லாம் அவள் பொறுப்பு. அந்தக் கோடையில் ஒரு ஷெட்டில் வளர்ந்துகொண்டிருந்த குஞ்சுகளுக்கு வெள்ளைக்கழிச்சல் வந்துவிட்டது. கழுத்து திருகி, கால் இழுத்து, கொத்துக் கொத்தாகச் செத்தன. தடுப்பு மருந்து போட்ட குஞ்சுகள் அவை. மருந்து கொடுத்த கம்பெனியின் டாக்டர் வந்து ரத்தம் எடுத்துப் பரிசோதித்து, மருந்து உடம்பில் பிடிக்கவே இல்லை என்றார். பிடிக்காததற்குக் காரணம், அது பண்ணையில் வெயிலில் கிடந்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். ஏனென்றால் கம்பெனி பக்கம் எல்லாம் சரியாக இருந்தது. வேனின் வெப்பநிலையைக் காட்டும் கோடு நேராக இருந்தது.

மச்சான் எனக்குப் போன் செய்து, "மாப்ள, நீங்க இந்த மருந்துலயே பொறந்து வளர்ந்தவரு. ஒருக்கா வந்து பார்த்துச் சொல்லிட்டுப் போங்க" என்றார். சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து கிளம்பிப் போனேன். போன பிறகுதான் தெரிந்தது, சொல்ல வேண்டியது என்ன என்று அவர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்.

"அடுத்த குஞ்சு எறங்கறதுக்குள்ள ஒரு சூப்பர்வைசரைப் போட்டரலாம்னு இருக்கறனுங்க. அம்மிணி ஊட்டைப் பார்த்துக்கிட்டும். புள்ளைக்கும் படிப்புச் சொல்லிக் குடுக்கோணுமல்லங்க."

முடிவெடுத்த பிறகு அமைக்கப்படும் விசாரணைக் கமிட்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சிலவற்றில் உறுப்பினராகவும் இருந்திருக்கிறேன். பிஸ்கட் நன்றாக இருக்கும்.

மருமகள் காபி கொண்டுவந்து வைத்தாள். மாமனார் கொட்டகைப் பக்கம் போகும்வரை காத்திருந்துவிட்டுத் தன் செல்போனைத் திறந்தாள்.

"சேலத்து மாமா, இதையும் பாருங்க. நான் மறைக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க."

கம்பெனி எல்லாப் பண்ணைகளுக்கும் கொடுத்திருக்கும் செயலி அது. அவள் விளக்கியதைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. குஞ்சு பொரித்த தேதியை அதில் போட்டுவிட்டால், எந்த வயதில் எந்த மருந்து என்று அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும். பண்ணைக்கு நினைவூட்டும் முன்பே சேலத்துக் கிடங்குக்குச் சொல்லிவிடும். கிடங்கு அதற்கு மேலே, மருந்து தயாரிக்கும் ஊருக்குச் சொல்லிவிடும். மருந்து வேனில் ஏறியதும் இங்கே ஒரு தகவல். வேன் வரும் வழி ஒரு வரைபடத்தில். கொடுக்கும்போது ஒரு ஓ.டி.பி. எண்ணைச் சொல்ல வேண்டும். பிறகு பெட்டியின் மேல் இருக்கும் க்யூ.ஆர். சதுரக் கட்டத்தைப் படம் பிடித்துவிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால், எந்தத் தொகுதி மருந்து எந்தப் பண்ணையில் இருக்கிறது என்பது பதிவாகிவிடும். என் காலத்தில் மருந்து தீர்ந்துபோன பிறகுதான் வேண்டும் என்று இன்டென்ட் எழுதிப் போடுவோம். இன்டென்ட் திரும்பிவரும். மருந்து வராது.

"முன்னெல்லாம் போன் போட்டுப் போட்டுக் கேக்கோணுமுங்க. தேதி முடிஞ்சது வரும், இல்லீன்னா நாள் தப்பி வரும். இது வந்தப்புறம் ஒரு நாள் கூடத் தப்புனதில்லீங்க" என்றாள். பிறகு திரையைக் கீழே தள்ளி ஓர் இடத்தில் விரலை வைத்தாள். "ஆனா இதுதான் என்னையப் புடிச்சுக் குடுத்துருச்சு."

அந்த நாளின் பதிவு அது. முற்பகலிலேயே ஓ.டி.பி. சொல்லப்பட்டு, 'ஒப்படைக்கப்பட்டது' என்று இருந்தது. அவள் பெட்டியைப் படம் பிடித்துக் குளிரில் வைத்தது சாயங்காலம். நடுவில் அக்கினி நட்சத்திரத்து மத்தியானம் முழுசாக இருந்தது.

"நடுவுல பெட்டி எங்க இருந்துச்சும்மா?"

"தெரியலீங்க மாமா. எங்க மாமாதான் வண்டில கொண்டாந்து மேசை மேல வெச்சாரு. வெச்ச கையோட நான் எடுத்து உள்ள வெச்சனுங்க."

"வேன் வீட்டுக்கு வராதா?"

"வராதுங்க. மெயின் ரோட்டுல போய் வாங்கிட்டு வந்தர்றேன்னு மாமா சொல்லுவாரு."

"முற்பகல்ல நீ எங்க இருந்த?"

கொஞ்சம் தயங்கினாள். "திருச்செங்கோட்டுல. பாப்பா பள்ளிக்கூடத்துல மீட்டிங்குங்க. மத்தியானந்தான் வந்தேன்."

தயக்கத்தை நான் குறித்துக்கொண்டேன். சாட்சிகளின் தயக்கத்தைக் குறித்துக்கொள்வது பழக்கமாகிவிட்ட ஒன்று. அவள் எழுந்து போகும்போது சொன்னாள்: "இந்த ஷெட்டு இல்லீன்னா இந்த ஊட்டுல எனக்குச் சோறாக்கறதைத் தவிர வேற வேலை இல்லீங்க மாமா. அவரு வருசத்துக்கு ரெண்டு தடவ வாராரு. தப்பு என்னுதுன்னா நானே ஷெட்டுச் சாவியக் குடுத்தர்றேன். என்னுது இல்லீன்னா குடுக்க மாட்டேன்."

மச்சானைக் கேட்டேன், பெட்டி அன்று எப்படி வந்தது என்று.

"எப்பவும் போலத்தானுங்க" என்றார். அதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை என்பதுபோல ஆட்டைக் கட்ட எழுந்து போய்விட்டார்.

சேலத்துக்குத் திரும்பியதும் பைபாஸ் பக்கம் இருந்த கம்பெனிக் கிடங்குக்குப் போனேன். ஓய்வு பெற்ற மருந்துக் கிடங்கு அதிகாரி என்று சொன்னதும் இளம் மேனேஜர் எழுந்து நின்று கை கொடுத்தார். சந்தேகத்தோடு வந்திருக்கிறேன் என்று சொல்லவில்லை. சுற்றிப் பார்க்க வந்தேன் என்று சொன்னேன். அதுவும் பொய்யில்லை.

சுற்றிக் காட்டினார். சுவரளவு திரையில் சேலம், நாமக்கல் மாவட்டங்கள் முழுவதும் பச்சைப் புள்ளிகளாகக் கிடந்தன. ஒவ்வொரு புள்ளியும் ஒரு பண்ணை. ஒரு தொகுதி எண்ணைத் தட்டினார், அந்த மருந்து போயிருக்கும் பண்ணைகள் மட்டும் சிவப்பாயின. கெட்ட மருந்து ஒன்றைத் திரும்ப வாங்க வேண்டும் என்றால் எங்களுக்கு வாரக்கணக்கில் ஆகும். தந்தி, தபால், ஜீப், பிறகு "அந்த மருந்து ஏற்கெனவே போட்டாச்சுங்க சார்" என்ற பதில். இவர் ஒரு விரலால் முடித்தார்.

"எல்லாமே விசிபிள் சார்" என்றார். "ஃபேக்டரில இருந்து பண்ணை வரைக்கும் எங்க என்ன இருக்குன்னு பார்த்துக்கலாம்."

"பெட்டி எங்க இருக்குன்னு காட்டுமா?"

"வேன் எங்க இருக்குன்னு காட்டும் சார்."

"நான் பெட்டியக் கேட்டேன்."

"பெட்டி வேன்லதானே சார் இருக்கும்!"

வெப்பநிலையைக் குறிக்கும் கருவி எங்கே இருக்கும் என்று கேட்டேன். வேனின் குளிர் அறைக்குள், ஒரு மூலையில், திருகி வைத்திருக்கிறார்களாம். சோப்பு டப்பா அளவுதான். அது காட்டும் கோட்டைத்தான் டாக்டர் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். அதாவது, அந்த அறையின் மூலை குளிர்ச்சியாக இருந்தது என்பது ஐயமின்றி நிரூபிக்கப்பட்டிருந்தது.

மச்சானின் பண்ணைக்கு மருந்து போன நாளை எடுத்துக் காட்டச் சொன்னேன். வேனின் பாதை நீலமாக ஓடியது. சேலத்திலிருந்து சங்ககிரி வழியாகத் திருச்செங்கோடு. அங்கே பஸ் ஸ்டாண்டு அருகே கொஞ்ச நேரம். அங்கிருந்து நேராக நாமக்கல் ரோடு. மச்சானின் ஊர்ப் பக்கம் அது திரும்பவே இல்லை.

"ஓ.டி.பி. எங்க வாங்கினாங்க?"

தட்டிப் பார்த்தார். "திருச்செங்கோட்டுல காட்டுது சார்... நெட்வொர்க் டிலேயா இருக்கும்."

என் காலத்தில் கோப்பு காணாமல் போனால் 'கறையான்' என்போம். இப்போது நெட்வொர்க் என்கிறார்கள். நான் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

ஆட்டோவுக்கு நிற்கும்போது மனதுக்குள் ஒரு கணக்கு கூடிக்கொண்டே வந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. பெட்டி திருச்செங்கோட்டில் கைமாறியிருக்கிறது. அன்று முற்பகலில் திருச்செங்கோட்டில் இருந்தவள் மருமகள். பஸ் ஸ்டாண்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தூரம் அதிகமில்லை. வேன்காரன் கூப்பிட்டிருப்பான், அங்கேயே வாங்கியிருப்பாள், ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு மீட்டிங்குக்குப் போயிருப்பாள். வெயிலில் பெட்டி காய்ந்திருக்கும். மாமனார் கொண்டுவந்து வைத்தார் என்பது அவரைக் கேள்வி கேட்க யாரும் துணிய மாட்டார்கள் என்று தெரிந்து சொன்னது. அந்தத் தயக்கத்துக்கும் பொருள் கிடைத்துவிட்டது.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். "அந்தப் புள்ளை பொய் சொல்லாது" என்றாள்.

"எல்லாரும் பொய் சொல்லுவாங்க. சிலர் எழுதி வெச்சுச் சொல்லுவாங்க."

"உங்களுக்கு யாரையாவது புடிச்சு உள்ள போடலீன்னா தூக்கம் வராது" என்று சொல்லிவிட்டு அவள் டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மருமகளை நேரில் கேட்டுவிடுவது என்று இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடி கிளம்பினேன். திருச்செங்கோட்டில் இறங்கி, மச்சான் ஊர் வழியாகப் போகும் டவுன் பஸ்ஸைப் பிடித்தேன். கிளம்பும் நேரத்தில் ஏறியதால் டிரைவருக்குப் பின்னால் முன் சீட்டுதான் கிடைத்தது. டிரைவருக்குப் பக்கத்தில், என்ஜினின் மூடி மேல், அந்த வழித்தடத்தின் வாழ்க்கையே உட்கார்ந்திருந்தது: ஒரு பூக்கூடை, புதுக் கம்பிக் காயில் சுற்றிய பம்பு மோட்டார் ஒன்று, யாருக்கோ சாப்பாட்டுக் கேரியர், துணி சுற்றிய ஒரு தெர்மாகோல் பெட்டி. என் கைப்பையை வைக்க இடமில்லாமல் அந்தப் பெட்டியின் மேல் வைத்தேன். என்ஜின் சூடு காலில் அடித்தது. வழி முழுவதும், மருமகளை எப்படிக் கேட்பது என்று வாக்கியங்களை அமைத்துக்கொண்டே வந்தேன். குற்றச்சாட்டு போலவும் இருக்கக் கூடாது, வேறு எதுவாகவும் இருக்கக் கூடாது.

மச்சான் ஊர் வந்தது. எழுந்தேன். கண்டக்டர் என்னைப் பார்த்தார்.

"பண்ணை ஊட்டுக்குத்தானுங்களே?"

"ஆமா."

"சொந்தமுங்களா?"

"என் மச்சான் வீடு."

"அப்ப நல்லதாப் போச்சு. இதையும் கொண்டு போயிருங்க." என் கைப்பையைத் தூக்கி என் தோளில் மாட்டிவிட்டு, அதன் கீழே இருந்த தெர்மாகோல் பெட்டியை என் கையில் கொடுத்தார். "டீக்கடைல வெச்சா பெரியவரு சாயங்காலந்தான் டீ குடிக்க வருவாரு."

துணி விலகிய இடத்தில் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தேன். கம்பெனியின் முத்திரை. சதுரக் கட்டம். இரண்டு முதல் எட்டு டிகிரி.

"இது எப்படிங்க பஸ்ல வருது?"

"வேன்காரத் தம்பி ஸ்டாண்டுல குடுப்பாப்லங்க. எப்பவும் நம்ம வண்டிலதான் வரும். அந்தப் பெரிய வேனு அந்தச் சந்துல பூந்து திரும்பறதுக்கு ஒரு நாளு ஆயிருமுங்க."

"கையெழுத்து கிடையாதா?"

"கையெழுத்துங்களா!" டிரைவரைப் பார்த்துச் சிரித்தார். "ஏனுண்ணா, நம்ம என்ன ரிஜிஸ்டர் ஆபீசா வெச்சிருக்கறோம்? எறங்குங்க சார், டைமாகுது."

பஸ் போய்விட்டது. வெயிலில் நின்றேன். மருந்து தயாராகும் ஊரிலிருந்து சேலம் வரை, சேலத்திலிருந்து திருச்செங்கோடு வரை, கருவிகளும் செயற்கைக்கோளும் கண் இமைக்காமல் காத்துக்கொண்டு வந்த பெட்டி கடைசியில் என் கைக்கு வந்திருந்தது. பெட்டி வெதுவெதுப்பாக இருந்தது.

அது இன்னொரு ஷெட்டுக் குஞ்சுகளுக்கான அடுத்த தவணை.

மண் பாதையில் நடந்து பண்ணையை அடைந்தேன். மச்சான் வேப்பமரத்தடியில் கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, நீங்களே கொண்டாந்துட்டீங்களா மாப்ள! எனக்கு டீக்கடை வரைக்கும் போற வேலை மிச்சம்."

"இது பஸ்ல வருதுன்னு ஏன் என்கிட்ட சொல்லல?"

"பஸ்ல வராம?" என்றார். உண்மையாகவே புரியாமல் கேட்டார். "நம்மூருக்கு எதுதான் மாப்ள பஸ்ல வராது? மோட்டார் காயில் வருது, பூ வருது. அந்த வேன்காரத் தம்பி பாவம், பண்ணை பண்ணையாப் போகோணும். இங்க வந்து திரும்பறதுக்குள்ள அரை நாளு போயிருதுன்னு ஒரு நாளு அழுவாத கொறையாச் சொன்னான். நாந்தான், 'எதுக்குச் சாமி இத்தனை தூரம் வார, ஸ்டாண்டுல பஸ்ல போட்டு உட்டுரு, நான் எடுத்துக்கறேன்'னேன்."

"ஓ.டி.பி.?"

"அதுவுந்தான். பஸ்ல ஏத்துனதும் போன் பண்ணுவான். என்ற போனுக்கு நம்பரு வரும். படிச்சுச் சொல்லிருவேன். பொட்டி கெளம்பிருச்சுங்கறதுக்குத்தானுங்களே அந்த நம்பரு?"

செயலியில் கணக்கு, பண்ணையின் உரிமையாளர் என்று மச்சான் பெயரில்தான் இருந்தது. அந்த எண் அவருடைய செல்போனுக்குத்தான் வரும். இது நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி என்பதை எழுதி வைக்கிறேன். மருமகள் தயங்கியது, அன்று தான் பண்ணையில் இல்லை என்பதைச் சொல்ல வேண்டி வந்ததற்காகத்தான்.

"பெட்டி கைக்கு வந்துருச்சுங்கறதுக்குத்தான் மச்சான் அந்த நம்பர்."

"அப்படீங்களா?"

"டாக்டர் கேட்டப்போ இதைச் சொல்லியிருக்கலாமே."

"அவரு பஸ்ஸைப் பத்திக் கேக்கலீங்களே. மருந்து வந்துச்சான்னு கேட்டாரு. வந்துச்சுன்னேன். பொய்யா சொன்னேன்?"

குரல் கேட்டு மருமகள் வந்து நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. என் கையிலிருந்து பெட்டியை வாங்கிக் கீழே வைத்து, ஒட்டுநாடாவைப் பிரித்தாள். பனிக்கட்டிப் பைகள் தண்ணீராகிக் குழைந்து கிடந்தன. நடுவே சின்னச் சின்ன மருந்துக் குப்பிகள். ஒன்றை எடுத்து உள்ளங்கையில் மூடிப் பார்த்தாள்.

"இதைப் போட மாட்டேனுங்க மாமா" என்றாள், மாமனாரைப் பார்த்து.

"ஏன் அம்மிணி? வாங்கி உள்ள வெச்சாச் சில்லுன்னு ஆயிருமல்ல?"

"ஆவாதுங்க."

"ஒரு மணி நேரப் பஸ்ஸு, அதுக்கு என்னாயிரும்? உங்க கல்யாணத்துக்கு மாலையே பஸ்லதான் வந்துச்சு. வாடியா போச்சு?"

"மாலைக்கு உசுரு இல்லீங்க. இதுக்குள்ள இருக்கறது உசுரோட இருக்கோணும். அது செத்துப்போனா, மருந்தோட சேர்த்துக் கலக்கற வெறும் பால்பவுடரத்தான் நான் தண்ணில குஞ்சுக்குக் குடுக்கறதா அர்த்தம். போன தடவை அதைத்தான் பண்ணியிருக்கறேன்."

மச்சான் என்னைப் பார்த்தார். வழக்கமாக, கமிட்டி உறுப்பினரைத் தலைவர் பார்க்கும் பார்வை அது. சொல்ல வேண்டியதை அவள் சொல்லிவிட்டாள். அவர் பேப்பரை நான்காக மடித்தார், மறுபடி பிரித்தார்.

"அப்ப போன தடவையும்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"ஆமாங்க" என்றாள் மருமகள். அவ்வளவுதான். அவள் வேறு ஏதாவது சொல்லியிருந்தால் அவருக்குக் கோபப்பட ஓர் இடம் கிடைத்திருக்கும்.

அங்கேயே நின்று கிடங்குக்குப் போன் போட்டாள். ஒலிபெருக்கியில் போட்டதால் எங்களுக்கும் கேட்டது. அதே இளம் மேனேஜர்.

"மேடம், உங்களது டெலிவர்டுன்னு காட்டுதே. ஓ.டி.பி. வந்தாச்சு."

"ஓ.டி.பி. வாங்குன எடத்தப் பாருங்க சார். எங்க பண்ணை இருக்கற எடத்தையும் பாருங்க. ரெண்டையும் ஒரே திரையில பக்கத்துல வெச்சுப் பாருங்க."

விசைகள் தட்டப்படும் சத்தம் கேட்டது. பிறகு சத்தம் நின்றது.

"போன தடவையும் அதே மாதிரி வெச்சுப் பாருங்க" என்றாள். "நான் லைன்லயே இருக்கறேன்."

அவர் பார்த்தார். அந்தத் திரையில் எல்லாம் முன்பிருந்தே இருந்தது. ஓ.டி.பி. ஓர் இடத்தில், பண்ணை வேறோர் இடத்தில், வேன் இரண்டுக்கும் சம்பந்தமில்லாமல் நாமக்கல் ரோட்டில். ஒவ்வொன்றும் தனித்தனிப் பக்கத்தில் பச்சை விளக்கோடு நிம்மதியாக இருந்தது. இத்தனை நாள் அவளுக்கு எதிராகச் சாட்சி சொன்ன இயந்திரம், கேள்வியை மாற்றிக் கேட்டதும் அவளுக்காகப் பேசிவிட்டது. அதற்கு யார் மேலும் பகையில்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிறது. நல்ல குமாஸ்தாக்களும் அப்படித்தான், அதனாலேயே அவர்களைக் கண்டு எனக்குப் பயம்.

"மேடம்..." என்றார் மேனேஜர், "நாளைக்குக் காலைல வேற பெட்டி அனுப்பறோம். வேன் பண்ணைக்கே வரும். டாக்டர்கிட்டயும் நான் பேசறேன். இனிமே எல்லா ரூட்லயும் பஸ்ல போடறதை நிறுத்தச் சொல்லிடறேன்."

கடைசி வாக்கியத்தை நான் நம்பவில்லை. இதே மாதிரி எத்தனை பஸ் என்ஜின்களின் மேல் எத்தனை பெட்டிகள் சவாரி செய்துகொண்டிருக்கின்றன என்று அவருக்கும் அன்றுதான் தோன்றியிருக்கும். அதை அவர் திரையில் தேடிப் பார்ப்பாரா, அல்லது பார்க்காமல் இருப்பது நல்லது என்று முடிவு செய்வாரா என்பது அவருடைய மேலதிகாரி எப்படிப்பட்டவர் என்பதைப் பொறுத்தது.

போன் வைத்த பிறகு மச்சான் தன் செல்போனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கட்டில் மேல் வைத்தார்.

"அந்தக் கம்பெனில என்ற நம்பரு இருக்குதல்ல. அதை எடுத்துட்டு உன்றதப் போட்டுக்க அம்மிணி" என்றார். யாரையும் பார்க்காமல் சொன்னார். "எனக்கு அந்தப் பையன் போன் பண்ணுனா மாட்டேன்னு சொல்ல வராது."

அதுதான் அவர் சொன்ன சமாதானம். மன்னிப்புக் கேட்டார் என்று என் மனைவியிடம் நான் பின்னால் சொன்னபோது அவள் நம்பவில்லை. அவளுக்கு அவள் அண்ணனைத் தெரியும்.

அன்று அங்கேயே தங்கினேன். காலையில் வேன் வந்தது. மண் பாதையின் திருப்பத்தில் முள்வேலி உரசி நின்றுவிட்டது. மச்சான் ஓடிப்போய்த் தன் மொபெட்டை நகர்த்தி, ஆட்டை அவிழ்த்து வேறு பக்கம் கட்டி, முன்னால் நடந்து வழி காட்டிக்கொண்டே வந்தார். வேன்காரத் தம்பி இறங்கும்போதே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

"நல்லாத்தானுங்களே போயிட்டிருந்துச்சு சாமி. யாருங்க மாத்துனது?"

"என்ற மருமவ" என்றார் மச்சான். "ஏதாச்சும் சொல்லோணும்னா அங்க சொல்லு."

அவன் பெட்டியை இறக்கினான். பழக்கத்தில் மச்சானைப் பார்த்து, "ஓ.டி.பி. சொல்லுங்க சாமி" என்றான்.

"எனக்கு வராது. அங்க கேளு."

மருமகள் கையில் செல்போன் இருந்தது. எண் வந்திருந்தது, திரை ஒளிர்ந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை.

"மொதல்ல பொட்டியத் தொறங்கண்ணா."

"சீல் பிரிக்கக் கூடாதுங்க, கம்பெனி ரூல்."

"பண்ணைல பிரிக்கலாம். வாங்கறவங்க பிரிச்சுப் பார்த்துத்தான் வாங்கோணும்னு உங்க ரூல்லயே இருக்குது. வேணும்னா காட்டட்டுங்களா?"

காட்டினாள். இருந்தது. நான் கூட அந்த விதியைப் பார்த்திருக்கவில்லை. அவன் பிரித்தான். பனிக்கட்டிப் பை ஒவ்வொன்றையும் அவள் அழுத்திப் பார்த்தாள், எல்லாம் கல்லாக இருந்தன. குப்பிகளை எண்ணினாள், தேதி பார்த்தாள், சதுரக் கட்டத்தைப் படம் பிடித்தாள். அதன் பிறகுதான் எண்ணைப் படித்தாள். நிதானமாக, ஒவ்வோர் இலக்கமாக. பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். குளிர்சாதனப் பெட்டியின் கதவு மூடும் சத்தம் வெளியே கேட்டது.

"சூப்பர்வைசர் எப்ப வர்றார் மச்சான்?" என்று கேட்டேன்.

"எந்தச் சூப்பர்வைசருங்க?" என்றார் மச்சான்.

வேனைத் திருப்ப இடமில்லை. பின்னாலேயேதான் போக வேண்டும். அவர் தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வேனின் பின்பக்கம் போய் நின்றார். உள்ளங்கையால் தகரத்தைத் தட்டித் தட்டி, "வரட்டும்... வரட்டும்... இந்தப் பக்கம் ஒடி சாமி... வரட்டும்" என்று சொல்லிக்கொண்டே, மெயின் ரோடு வரும்வரை கூடவே நடந்தார்.